கொல்லைக்கு எந்த நாய்? பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை

'பேரணாம்பட்டு பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலக்கடலை போட்டிருக்கிறேன். முயலும் காட்டுப்பன்றியும் கொல்லையைப் பாழாக்குகின்றன. சிப்பிப்பாறைக்கும் கிரேஹவுண்டுக்கும் பிறந்த கலப்புக் குட்டி ஒன்று விலைக்கு வருகிறது. ஓடிப்போய் முயல் பிடிக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மலையோரம் கொல்லை வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு. நான் படித்தது வேளாண்மை. பயிரைப் பற்றி என் அனுபவத்தில் இருந்து சொல்வேன். நாயைப் பற்றி, இந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவர்களிடமும் நாய் வளர்க்கும் விவசாயிகளிடமும் கேட்டுச் சொல்கிறேன். அதற்காகவே பள்ளிகொண்டாவில் தொடங்கி குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாக ஆம்பூர் வரை ஒரு சுற்று போய்வந்தேன்.

மலைக்கும் தோல் ஷாப்புக்கும் நடுவே

பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலையை விட்டுப் பாலாற்றைக் கடந்தால் குடியாத்தம் சாலை. ஆற்றில் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். தென்னை, வாழை, கரும்பு என்று தொடங்கும் பூமி, லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன குடியாத்தத்தைத் தாண்டி பேரணாம்பட்டை நெருங்க நெருங்க மேட்டு நிலமாக மாறுகிறது. நிலக்கடலை, கேழ்வரகு, துவரை, இடையிடையே மா. கொல்லை முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயம். யானைக்கூட்டம் எல்லை தாண்டி வருவது இங்கே புதிதல்ல. முயலும் பன்றியும் தினசரி விருந்தாளிகள்.

"இன்னா சார் பண்றது? ராத்திரி முச்சூடும் டார்ச் அடிச்சிக்கினு உக்காந்திருக்க முடியுமா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். கடலை முளைத்து நாலு இலை விட்டதும் முயல் வந்து குருத்தைக் கடிக்கிறது. விழுது இறங்கிக் காய் பிடிக்கும் நேரத்தில் பன்றி வந்து வரிசையாகக் கிண்டிவிட்டுப் போகிறது. அவர் கொல்லையில் கட்டியிருந்தது ஒல்லியான, உயர்ந்த கால் கொண்ட கலப்பு நாய். "நல்லா ஓடும் சார். ஆனா சத்தமே போடாது. ஒண்ணு கண்ணுல பட்டா பாய்ஞ்சி போயிடும். அப்புறம் காலையிலதான் வரும்" என்றார்.

அவர் சொன்னதில்தான் இந்தக் கேள்விக்கான பாதிப் பதில் இருக்கிறது.

கண்ணால் வேட்டையாடும் நாய்

சிப்பிப்பாறை, கன்னி, கிரேஹவுண்ட் எல்லாம் ஒரே ஜாதிப் பிழைப்பு நாய்கள். மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பும். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், மெல்லிய தோல். அசைவதைப் பார்த்ததும் துரத்தும். துரத்தும்போது குரைக்காது. தென்மாவட்டங்களின் கரிசல் வெளியில் இந்தக் குணம் வளர்ந்தது. அங்கே மரமும் வேலியும் குறைவு, பார்வைக்குத் தடையில்லை.

நம் பக்கத்து நிலம் வேறு. வேலிக்காத்தான் முள், கம்பி வேலி, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, பாறை இடுக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற நாய் இருட்டில் கம்பியில் மோதினால் தோல் கிழியும் அல்லது கால் முறியும். இப்படி வரும் காயங்களைத் தைப்பதே பெரிய வேலை என்றார் ஒரு கால்நடை மருத்துவர். பன்றியிடம் இந்த ஒல்லி நாய் நின்று பிடிக்காது. பன்றியின் கோரைப்பல் ஒரே வீச்சில் வயிற்றைக் கிழித்துவிடும். காட்டுக்குள் தனியாகப் போகிற நாய் சிறுத்தைக்கும் இரை.

முயலைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிய வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் கலப்பு நாய்கள் பிடிப்பது பெரும்பாலும் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் முயல். நம் காட்டில் இருப்பது கருங்கழுத்து முயல். இது வளை தோண்டாது. புல்லுக்குள் ஒரு பள்ளத்தில் படுத்துக்கிடக்கும். வளை இல்லாததால் திறந்தவெளியில் ஓடித்தான் தப்பிக்கும். வருடம் முழுவதும் குட்டி போடும். ஒன்றைப் பிடித்தால் அடுத்தது காட்டிலிருந்து வரும். பிடிப்பதால் கடலைக்கு விடிவு வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

வாசகர் வாங்க நினைக்கும் நாய்க்குட்டியைவிட முக்கியமான சங்கதி இது. 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காட்டு முயலும் காட்டுப்பன்றியும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. கொல்வது மட்டும் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். துரத்துவது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை வைத்து வரவழைப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, எல்லாமே சட்டத்தில் 'வேட்டை'தான். நாயை ஏவிப் பிடிப்பதும் இதில் அடங்கும். சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. பைக், வலை எல்லாம் பறிமுதல் ஆகும். சொந்தக் கொல்லையில் பிடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

பயிருக்கு ஆபத்து என்றால் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். அதுவரை நாம் கை வைக்கக் கூடாது. பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம். சேதத்தைப் பார்த்த அன்றைக்கே புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள். காய்ந்துபோன கொல்லையைக் காட்டி ஒரு மாதம் கழித்துக் கேட்டால் சேதத்தை நிரூபிப்பது கஷ்டம்.

அவுட்டுக்காய் வைப்பதும், மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலி போடுவதும் கொலைக்குச் சமம். மேய்ச்சலுக்குப் போகும் மாடும், தண்ணீர் கட்டப் போகும் மனிதரும்தான் அதில் சாகிறார்கள்.

குட்டி விற்பவரின் பேச்சு

ஆம்பூர் சாலையில் ஒரு டீக்கடையில் பேசியபோது, கலப்புக் குட்டி விற்பவர்கள் சொல்கிற வார்த்தை ஒன்று அடிக்கடி வந்தது: 'அப்பன் ஓட்டம், ஆத்தா வீரம்.' இரண்டும் குட்டியில் அப்படியே சேர்ந்து வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

வீரிய ஒட்டு விதை வாங்கிப் பயிர் செய்கிறோம். முதல் தலைமுறை ஓரளவு ஒரே சீராக வரும். அதில் விளைந்ததையே எடுத்து மறுபடி விதைத்தால் என்ன ஆகும்? ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று மலடு. நாயிலும் இதே கதைதான். இரண்டு நல்ல இன நாய்களை நேரடியாகச் சேர்த்துப் பிறந்த குட்டியின் குணத்தை ஓரளவு ஊகிக்கலாம். கலப்புக்கும் கலப்புக்கும் பிறந்தால் ஒரே ஈற்றில் ஐந்து குட்டி ஐந்து விதமாக இருக்கும். ஆகவே 'என்ன கலப்பு?' என்று கேட்பதோடு நிற்காதீர்கள். 'தாயைக் காட்டு, தகப்பனைக் காட்டு' என்று கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

சுத்த இனம் வேண்டுபவர்களுக்கும் வழி உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபணு வள நிறுவனம் நம் நாட்டு நாய் இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. நம் கால்நடை பராமரிப்புத் துறையும் சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென்றே ஓர் இனப்பெருக்கப் பிரிவை ஏற்படுத்தியது. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் குட்டி வாங்கும் விவரம் சொல்வார்கள்.

கொல்லைக்கு ஏற்ற குட்டி

நமக்கு வேண்டியது பிடிக்கிற நாய் அல்ல. கொல்லையை விட்டு நகராமல் நின்று குரைக்கிற நாய். மோட்டார் கொட்டகையையும் ஆட்டுப்பட்டியையும் சேர்த்துக் காக்கும். அதற்குக் கோம்பை ரத்தம் கலந்த நாட்டு நாய் பொருத்தம். உடம்பு கட்டாக, தோல் தடிப்பாக இருக்கும். எல்லையை விட்டுக்கொடுக்காது. பார்க்க வேண்டியவை:

1. தாயின் குணம். ஆடு, கோழி நடுவே தாய் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். கோழியைத் துரத்தும் தாயின் குட்டி உங்கள் ஆட்டுக்குட்டியையும் துரத்தக்கூடும்.

2. வயது. எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிக்கக் கூடாது.

3. காது. ராஜபாளையம் போன்ற முழு வெள்ளை நாய்களின் ஈற்றில் செவிட்டுக் குட்டி பிறப்பது உண்டு. குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டுங்கள். திரும்பாவிட்டால் வேண்டாம். காது கேட்காத நாய் காவலுக்கு ஆகாது.

4. கால். விரல்கள் நெருங்கி, பாதம் இறுக்கமாக இருக்க வேண்டும். விரிந்த பாதம் முள்ளிலும் கல்லிலும் சீக்கிரம் புண்ணாகும்.

5. துணிவு. ஒரு தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். பயந்து ஓடியது திரும்பி வந்து முகர்ந்து பார்த்தால் நல்ல குட்டி. மூலையில் பதுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஓட்டக்காரக் கலப்பு நாய் வைத்திருப்பவர்கள் அதைத் துரத்திவிட வேண்டாம். காலையில் வெயிலுக்கு முன் வேலி போட்ட இடத்தில் ஓடவிடுங்கள். இரவில் நீளமான சங்கிலியில் கட்டுங்கள். குரைக்கிற நாட்டு நாய் ஒன்றைத் துணைக்குச் சேர்த்தால், அதைப் பார்த்து இதுவும் குரல் கொடுக்கும்.

தோல் வட்டாரத்தில் தனிக் கவனம்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதனிடும் முன் தோலைச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறவைத்து முடி நீக்குகிறார்கள். பிறகு ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்கிறார்கள். அந்தச் சதைத்துணுக்கு வெளியே கொட்டிக்கிடந்தால் தெருநாய்க்கூட்டம் மொய்க்கும். அதில் காரம் இருக்கிறது. தின்றால் வாயும் குடலும் புண்ணாகும். உப்புப் போட்டு வைத்த பச்சைத்தோல் துண்டும் ஆகாது. கூட்டத்தோடு சேர்ந்தால் கடியும், வெறிநோயும் வரும்.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை அது உறுதி செய்தது. அதன் பிறகும் கெட்டுப்போன கிணறுகள் பல முழுதாக மீளவில்லை. நீங்கள் குடிக்காத ஓடை நீரை நாயையும் மாட்டையும் குடிக்க விடாதீர்கள். கொல்லையில் ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர் வையுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடம் தவறாமல். குடற்புழு நீக்க மருந்தும் உண்டு. நாய் யாரையாவது கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைப்பது கூடாது.

நாய் மட்டும் போதாது

முயலுக்கு மூன்றடி உயரச் சிறுகண் கம்பிவலையே நல்ல தடுப்பு. அடிப்பாகத்தை அரையடி மண்ணுக்குள் புதையுங்கள். மூன்று ஏக்கருக்கும் செலவு அதிகம் என்றால், காடு ஒட்டிய பக்கத்துக்கு மட்டும் முதலில் போடுங்கள். கடலை முளைத்த முதல் ஒரு மாதமும், காய் பிடிக்கும் காலமும்தான் அதிகக் காவல் வேண்டிய நாட்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் விதைத்தால் காவலையும் முறை வைத்துப் பகிரலாம். தனியாகக் கடைசியில் அறுக்கும் கொல்லையில்தான் மொத்தப் பன்றியும் இறங்கும்.

முயல் கறிக்கு ஆசை என்றால் பண்ணை முயல் வளர்க்கத் தடை இல்லை. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்கள் வளர்க்கப்படுகின்றன. அது வருமானமும் தரும்.

ஆகவே வாசகருக்குப் பதில்: அந்தக் குட்டியை முயல் பிடிக்க வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பாதிக்குக் கம்பிவலை வாங்குங்கள், மீதியில் ஊரிலேயே தாய் தெரிந்த ஒரு காவல் குட்டியை எடுத்துத் தடுப்பூசி போடுங்கள். ஆடிப்பட்டம் விதைக்கும்போது குட்டியும் உங்களோடு கொல்லைக்கு வரட்டும். காய் பிடிக்கும் நேரத்தில் அதற்குக் குரல் வந்திருக்கும்.