உங்கள் லைன் நின்றுவிடும் என்று சொன்னவன் நான்

நான் பொய் சொன்னேன். உண்மை எது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே சொன்னேன்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். கைப்பேசிச் சேவை நிறுவனங்களான செல்கோமும் டிஜியும் இணையப்போகின்றன என்ற செய்தி 2021 ஏப்ரலில் வந்தது. ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022 நவம்பர் 30-ஆம் தேதி இணைப்பு முடிந்தது. அந்த இடைக்காலத்தில் பலர் என் மேசைக்கு முன்னால் நின்று, "என் லைனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். "நின்றுவிடும். இப்போதே மாறிக்கொள்ளுங்கள்" என்றேன். முப்பது பேராவது என் பேச்சை நம்பி மாறினார்கள்.

அது பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்? 2003-இலும் இதே தொழிலில் இருந்தவன் நான். டைம்செல் மேக்சிஸின் கைக்குப் போனது அப்போதுதான். டிஎம் டச், செல்கோமோடு சேர்ந்ததும் அப்போதுதான். என் வாடிக்கையாளர்களில் யாருக்கும் எண் போகவில்லை. 017 வைத்திருந்தவருக்கு 017 இருந்தது. 013 வைத்திருந்தவருக்கு 013 இருந்தது. பில்லின் தலைப்பில் பெயர்தான் மாறியது. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது வாடிக்கையாளரைத்தான் முதலில் பத்திரப்படுத்துவார்கள். அவர்கள் வாங்குவதே அந்த வாடிக்கையாளரைத்தான். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிறகு ஏன் சொன்னேன்? முதல் காரணம் பயம். அதுவரை இரண்டு நிறுவனங்களின் ஆட்களும் என் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் போஸ்டர் ஒட்டினால் மற்றவர் விளக்குப் பலகை தருவார். ஒருவர் கமிஷனைக் கூட்டினால் மற்றவரும் கூட்டுவார். நிறுவனங்களுக்குள் நடந்த போட்டியில் என் கடைக்கும் ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது. இருவரும் ஒருவராகிவிட்டால் ஒரே தெருவில் இத்தனை கடை எதற்கு என்று கேட்பார்களே என்று பயந்தேன். அதனால் வேறொரு நிறுவனத்தின் புதிய லைன்களை அவசர அவசரமாக விற்கத் தொடங்கினேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பொய் சொல்லும்படி அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. அது என் வாயிலிருந்து வந்தது.

இரண்டாவது காரணம் பேராசை. 24 மாத ஒப்பந்தத்தோடு ஒரு போஸ்ட்பெய்ட் லைன் விற்றால் வரும் கமிஷன், நாள் முழுக்க ரீலோட் விற்றாலும் வராது.

மூன்றாவதைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது. அது கர்வம். "அண்ணனைக் கேளு, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று இந்தத் தெருவில் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் காசாக்கினேன்.

ஓர் உணவகத்தில் வேலை செய்யும் தம்பி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "அண்ணே, ஏர்செல் மாதிரி ஆயிடுமா?" என்று கேட்டார். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் போனதும், எண்ணைக் காப்பாற்ற மக்கள் கடை கடையாக அலைந்ததும் அவர் குடும்பம் பட்ட அவதி. அந்தக் கதை எனக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய அந்த ஏர்செல்லின் 74 விழுக்காட்டை 2006-இல் வாங்கியது நம் ஊர் மேக்சிஸ். 2016-இல் ஜியோ வந்து விலையை அடித்து நொறுக்கியதும் கடன் மேல் கடன் ஏறியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேரும் திட்டம் 2017 அக்டோபரில் முறிந்தது. அடுத்த பிப்ரவரியில் நிறுவனம் திவால் மனு போட்டது. ஏர்செல் விழுந்தது இணைப்பு நடந்ததால் அல்ல. நடக்கவிருந்த இணைப்பு நடக்காமல் போனது அதன் கடைசி அடிகளில் ஒன்று. இங்கே இணையப் போனவை நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்கள்.

இத்தனையும் என் நாக்கில் இருந்தது. ஒரு நிமிடம் போதும், சொல்லியிருக்கலாம். அந்தத் தம்பியின் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "அதே கதைதான் தம்பி" என்றேன். பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறவர். அவர் தலையில் இரண்டு வருட ஒப்பந்தத்தைக் கட்டினேன். அடுத்த ஆண்டு ஊர் திரும்ப வேண்டிவந்தபோது, ஒப்பந்தத்தை முறிக்க அபராதம் கட்டிவிட்டுப் போனார். என்னிடம் சண்டை போடவில்லை. சொல்லிக்கொண்டுதான் போனார்.

அடுத்தது ஓர் அக்கா. ஆயர் ஈத்தாமில் தனியாக இருப்பவர். அவருடைய ப்ரீபெய்ட் லைன் காலமான கணவரின் பெயரில் இருந்தது. நம் நாட்டில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2008-இலிருந்து இருக்கிறது. ஆனால் அதற்கு லைன் அக்காவின் பெயரில் இருக்க வேண்டும். மரணச் சான்றிதழோடு சேவை மையத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிவிட்டு வரச் சொல்லியிருக்க வேண்டும். உண்மையில் அவர் எங்குமே மாற வேண்டியதில்லை. ஆனால் புது எண் என்றால் பத்து நிமிடத்தில் முடியும். கமிஷன் அந்த மாதக் கணக்கிலேயே சேரும். "பழைய எண் எதுக்கு அக்கா, எப்படியும் போயிடும்" என்றேன்.

அவருக்குக் கண்புரை அறுவைக்காக அரசாங்க மருத்துவமனையில் பெயர் பதிவாகியிருந்தது. தேதி சொல்லக் கூப்பிட வேண்டிய எண் பழைய எண். பணப் பரிவர்த்தனையை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டேக் எண் வந்துகொண்டிருந்ததும் அதற்குத்தான். ரீலோட் போடாமல் விட்டதில் அந்த எண் செத்துப்போனது. மருத்துவமனையில் விசாரித்தபோது, அவருடைய முறை தாண்டிப்போயிருந்தது. மறுபடி காத்திருந்தார். அத்தனை மாதமும் மங்கிய கண்ணோடு சமைத்தார், பஸ் ஏறினார். பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்தது நான். காத்திருந்தது அவர்.

அவர் கடைக்கு வந்தபோதுகூட என்னைக் குறை சொல்லவில்லை. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் தம்பி" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். முதல் பொய்யைவிட அந்தத் தலையாட்டல்தான் கேவலம்.

வாசகர்களுக்கு முழுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த இணைப்பைப் பற்றிக் கவலைப்பட நியாயமான காரணம் இருந்தது. மூன்று பெரிய நிறுவனங்களில் இரண்டு ஒன்றாகி, ஏறக்குறைய 2 கோடி வாடிக்கையாளர்கள் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். போட்டி குறைந்தால் விலை இறங்கும் வேகமும் குறையலாம். நம் 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தொலைத்தொடர்புத் துறையைத் தொடாது. அதைப் பார்க்க வேண்டியது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். போட்டி கணிசமாகக் குறையக்கூடும் என்று அந்த ஆணையமே 2022 ஏப்ரலில் தன் முதற்கட்டக் கருத்தைச் சொன்னது. ஜூன் 28-இல் நிபந்தனைகளோடு வழிவிட்டது. 70 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கைவிட வேண்டும். சொந்தக் கோபுரம் இல்லாத சிறிய நிறுவனங்களுக்கு மொத்த விலையில் சேவை விற்கத் தனிப் பிரிவு வேண்டும். சில மாநிலங்களில் ஒரே நிறுவனத்தின் சரக்கை மட்டும் விற்கும் விநியோகஸ்தர் ஏற்பாட்டை முடிக்க வேண்டும். செல்கோமின் யூடூ என்ற கைப்பேசிச் சேவையைக் கைமாற்ற வேண்டும். அந்த யூடூ கைமாறவில்லை. 2024 இறுதியில் மூடப்பட்டது.

இந்த நிபந்தனைகளின் நோக்கம் ஒன்றுதான்: பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் எழுந்து போக வழி இருக்க வேண்டும். எண்ணைக் கையோடு எடுத்துக்கொண்டு போக முடிகிறவரைதான் எந்த நிறுவனமும் அவருக்குப் பயப்படும். அந்த வழி இருப்பதையே நான் மறைத்தேன். எண்ணைப் பிடுங்கினேன், ஒப்பந்தத்தில் கட்டினேன். இணைப்பு செய்துவிடுமோ என்று ஆணையம் அஞ்சியதை, இணைப்பு முடிவதற்கு முன்பே என் மேசையில் செய்தேன். செல்கோம் எண்களும் டிஜி எண்களும் இன்றும் வேலை செய்கின்றன. என்னிடம் மாறியவர்களின் பழைய எண்கள்தான் இல்லை.

அந்த அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "உன்னை நம்பித்தானே வந்தேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தஞ்சாவூர்த் தம்பிக்கு அபராதப் பணத்தை அனுப்பினேன். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

2021, 2022-இல் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்காரரின் பேச்சைக் கேட்டு லைன் மாற்றியிருந்தால், அது நானாக இருக்கலாம். வந்து கேளுங்கள். ஒப்பந்தத்தை முறிக்க அபராதம் கட்டியிருந்தால் ரசீதைக் கொண்டு வாருங்கள், நான் தருகிறேன். இனி யாராவது உங்கள் லைன் நின்றுவிடும் என்று சொன்னால், நிறுவனம் அனுப்பிய அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் உங்கள் அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள்.