பரங்கிப்பேட்டையில் எரிந்த இரும்பு உலை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், பு.முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் ஊர். மீன்பிடி படகுகள், பழைய தர்காக்கள், ஆற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம்... இவற்றுக்காகத்தான் இன்று வெளியூர்க்காரர்கள் இங்கே வருகிறார்கள். ஆனால், 'போர்ட்டோ நோவோ' என்ற இதன் பழைய பெயர் ஒரு காலத்தில் இங்கிலாந்து வரை பேசப்பட்டது இரும்புக்காக!

கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், அந்த வேலையை விட்டுவிட்டு 1830-ல் இங்கே இரும்பாலை தொடங்கினார். ஐரோப்பிய முறையில் இந்தியாவில் எழுந்த முதல் பெரிய இரும்பாலைகளில் இதுவும் ஒன்று. சேலத்துத் தாது பரிசல்களில் ஆற்றுவழியாக வந்து சேர்ந்தது. எரிபொருள் மரக்கரி. வேல்ஸில் 1850-ல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்துக்கும் இங்கிருந்து இரும்பு போனது.

ஹீத்தை வியக்க வைத்தவர்கள் நம் ஊர் உருக்குக் கொல்லர்கள். அவர்களுடைய முறையை அவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியுடன் மண்குகையில் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலைகளை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குகைகளை உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள்.

தரம் பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஆறிய குகையை உடைத்ததும் உருக்குக் கட்டியின் மேற்புறத்தைப் பார்ப்பார்கள். நடுவிலிருந்து கதிர்போல வரிகள் ஓடினால் இரும்பு நன்றாக உருகியிருக்கிறது. தேன்கூடு மாதிரி ஓட்டைகளோ, உருகாத முண்டுகளோ தெரிந்தால் அது குறைக் கட்டி. ஐந்தில் நான்கு கட்டிகளில் ஏதாவது குறை இருக்கும் என்கிறார் ஹீத். தேறிய கட்டியையும் உடனே அடித்துவிட முடியாது. கரி கூடுதலாக ஏறியிருப்பதால் சம்மட்டி பட்டால் நொறுங்கும். உருகாத அளவு சூட்டில் பல மணி நேரம் காற்றுப்படப் புரட்டி வாட்டிய பிறகே கம்பியாக அடிப்பார்கள். வெப்பமானி கிடையாது, பார்வையும் கைப்பழக்கமும்தான் சோதனைச்சாலை.

ஆலையால் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உலை கேட்ட கரிக்குக் காடுகள் ஈடுகொடுக்கவில்லை. 1853-ல் புதிய கம்பெனி ஒன்று முயன்றும், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலை அணைந்தது.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். விலை குறைந்த இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு கிடைத்தது. ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த முறையைச் சற்றே மாற்றிப் பயன்படுத்தினார்கள். அவருக்குப் பணம் தரவில்லை. வழக்கு முடியும் முன்பே, 1851-ல் ஹீத் இறந்துபோனார். அவருக்காவது காப்புரிமைப் பத்திரத்தில் பெயர் இருக்கிறது. கட்டியைப் பார்த்தே தரம் சொன்ன கொல்லர்களில் ஒருவர் பெயர்கூட நம்மிடம் இல்லை.