காலி வண்டி

மாமாவுக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் அவர் உடம்பில் உருவாவதே இல்லை. ஐம்பத்திரண்டு வயது. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து கசிந்து இரண்டு முழங்கால்களும் மடங்காமல் போய்விட்டன. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேட்டார்: "வேலூர்ல எங்க நோய்க்கு ஏதோ கண்டுபிடிச்சிருக்காங்களாமே, நீயும் அதுதானே படிக்கிற? என்னம்மா அது?"

எளிதான கேள்விதான். ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களுக்குள் லென்டிவைரஸ் மூலம் மரபணுவைக் கொண்டு சேர்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் பயன்படுத்தும் லென்டிவைரஸ், எச்ஐவியிலிருந்து எடுத்தது. நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு வண்டியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அதனால் பெருக முடியாது.

மாமாவுக்கு அந்தப் பெயர் வேறு மாதிரி தெரியும். 1980களில் பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்த ஃபேக்டர் மருந்து வழியாக, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஹீமோபிலியாக்காரர்களுக்கு எச்ஐவி தொற்றியது. சின்ன வயதில் மாமாவோடு ஒரே வார்டில் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவருக்கும் பிறகு வந்தது. அவர் சாவுக்குத் தெருவில் யாரும் போகவில்லை. மாமா போனார், ஊன்றுகோலோடு.

அதனால் வண்டியைத் தள்ளிவைத்துவிட்டு கதவிலிருந்து ஆரம்பித்தேன். "எலும்பு மஜ்ஜையில இருக்கிற அந்த செல்லு தூங்கிக்கிட்டே இருக்கும் மாமா. உள்ள போறதுதான் கஷ்டம்."

அது உண்மை. எங்கள் வைரஸுக்கு மாட்டு வைரஸ் ஒன்றின் மேலுறையைப் போர்த்துகிறோம். அது செல்லின் மேலுள்ள, கொழுப்பை உள்ளே இழுக்கும் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு நுழையும். தூங்கும் செல்லில் அந்த ஏற்பி குறைவு. சைட்டோகைன் கொடுத்து எழுப்பலாம். ஆனால் வெளியே அதிக நேரம் விழித்திருந்தால் ஸ்டெம் செல் தன் இயல்பையே இழந்துவிடும். அந்த ஒன்றிரண்டு நாளுக்குள் வேலையை முடிக்க வேண்டும். தட்டில் ஃபைப்ரோனெக்டின் துண்டைப் பூசி செல்லையும் வைரஸையும் பக்கத்தில் உட்கார வைப்போம். போலோக்ஸமர் என்ற பாலிமரைச் சேர்ப்போம். வாய் கொப்பளிக்கும் திரவங்களில் அந்த வகைப் பொருள் உண்டு. இவ்வளவு செய்தும், ஒரு செல்லுக்குச் சராசரியாக எத்தனை மரபணுப் பிரதி போனது என்று எண்ணும்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த நாட்கள் எனக்கு நிறைய.

வேலூர் சிஎம்சி மருத்துவர்களின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. ஐந்து பேர். முதல் இருவருக்கு நுழைவை எளிதாக்கும் பொருள் இல்லாமல், அடுத்த மூவருக்கு அதைச் சேர்த்து. மூவரின் ரத்தத்தில் ஃபேக்டர் அளவு கணிசமாகக் கூடியிருந்தது. ஆனால் ஐந்து பேருக்குமே, கண்காணித்த காலம் முழுக்க ஒருமுறைகூட ரத்தக்கசிவு இல்லை. அந்த முதல் இருவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கதவு சரியாகத் திறக்காத நேரத்தில் போய் நின்றவர்கள்.

நிறையப் போனால் நல்லது என்றும் இல்லை. மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கான வேறொரு லென்டிவைரஸ் சிகிச்சையில், 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது அதே ஆண்டில்தான் வெளியானது. மரபணு போய் உட்காரும் இடம் நம் கையில் இல்லை. பிரதி கூடக் கூட, தப்பான இடத்தில் உட்காரும் வாய்ப்பும் கூடும். அதோடு, திருத்திய செல்களுக்கு இடம் ஒதுக்க முதலில் கீமோ கொடுக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். கடைசியில் வண்டி எது என்பதையும் சொன்னேன்.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "டெஸ்ட்ல காட்டுமா?" என்றார்.

காட்டலாம். சிகிச்சைக்குப் பிறகு சில வகை எச்ஐவி பிசிஆர் பரிசோதனைகள், மிச்சமிருக்கும் வண்டித் துண்டைப் பார்த்துத் தவறாக 'பாசிட்டிவ்' சொல்லக்கூடும். பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை.

"அப்போ இது அது இல்லன்னு தமிழ்ல ஒரு சீட்டு எழுதிக் கொடு. போறேனோ இல்லையோ, எழுதிக் கொடு."

எழுதினேன். ஹீமோபிலியா அட்டை வைத்திருக்கும் அதே சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.