தீர்ப்பு எழுதப்படாத சிறைவாசம்

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி அடிகளார், விசாரணையின்றிச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞருக்காக ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தை நாடியவர். அவரே 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், ‘உபா’ சட்டத்தின்கீழ்க் கைதானார். குற்றச்சாட்டு முதல் நோக்கில் மெய்யெனத் தோன்றினாலே இச்சட்டம் பிணையை மறுக்கிறது. விசாரணைக்கோ நாள் குறிப்பதில்லை. நடுக்குவாதத்தால் குவளை பிடிக்க இயலாத அடிகளார், நீர் பருக உறிஞ்சுகுழல் வேண்டி நீதிமன்றத்தில் மனுச் செய்தார். மறுமொழி கூறவே புலனாய்வு முகமை 20 நாள் கேட்டதை அறிந்து திகைத்தோம். வன்முறையை ஒடுக்கச் சட்டம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரு குழலுக்கே 20 நாள் என்றால், விசாரணைக்கு எத்தனை ஆண்டு? 2021 ஜூலை 5 அன்று, விசாரணை தொடங்காமலே, மும்பை மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். “சாமியார் என்ன குற்றம் செய்தார்?” என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டனர். தீர்ப்பே எழுதப்படவில்லை என்றோம்; அவர்களுக்கு விளங்கவில்லை.