யாம் எழுதிய வழுவேடு

பிழை செய்யாதார் உலகில் இலர். செய்த பிழையைக் குறித்துவைப்பார் சிலர். அதனைப் பிறர்க்குப் பயன்படுமாறு குறித்துவைப்பார் அவரினும் சிலர். இக்கடை வகையிற் சேர விரும்பிக் காரைக்குடியில் யாம் மேற்கொண்ட சிறு முயற்சியையும், அதன்கண் யாமே இழைத்த பெரும்பிழையையும் நம் கல்லூரி அன்பர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிப்பொறிக்கு இடும் ஆணைத் தொகுதியை மென்பொருள் என்ப. அதிற் காணும் பிழையை ஆங்கிலேயர் ‘பக்’, அதாவது பூச்சி, என வழங்குவர். அச்சொல் வழக்கு முன்னரே உள்ளதாயினும், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரின் ‘மார்க் 2’ என்னும் கணிப்பொறியில் உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டது. ஊழியர்கள் அதனை எடுத்து நாட்குறிப்பேட்டில் ஒட்டி, அகப்பட்ட இடம் 70-ஆம் எண் ரிலே என்பதையும் உடன் எழுதினர். அவ்வேடு அமெரிக்க நாட்டு ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையிற் போற்றப்படுகின்றது. யாம் பூச்சியை விடுத்து, நம் இலக்கண நூலார் ஆண்ட ‘வழு’ என்னுஞ் சொல்லையே எம் ஏட்டிற்குப் பெயராகக் கொண்டோம்.

மென்பொருள் வழுக்களைத் தொகுத்துவைக்கும் ஏடுகள் பல உள. 1998-ல் மோசில்லா குழுவினர் வெளியிட்ட ‘பக்சில்லா’ அதற்கென அமைந்த கருவிகளுட் பெயர்பெற்றது. அவற்றைப் படிப்பவர் மனிதர். ஐயம் தோன்றின் நிற்பர், பிறரைக் கேட்பர். இந்நாளிலோ செயற்கை நுண்ணறிவு முகவர் என்பன தாமே மென்பொருளை எழுதவும் திருத்தவும் தலைப்பட்டுள்ளன. (அவற்றை முகவர் என உயர்திணையாற் கூறுதல் திணைவழுவே, ஆயினும் அமைக.) 2024 நவம்பரில் ஆந்திரோபிக் நிறுவனத்தார் ‘மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொதுநெறியை வெளியிட்டபின், அவை புறத்தேயுள்ள கருவிகளை வினவுதல் எளிதாயிற்று. யாம் அமைத்ததும் அத்தகைய கருவியே. தன்முன் தோன்றிய பிழைச்செய்தியை முகவர் அனுப்பினால், அறிகுறி, காரணம், மென்பொருளின் பதிப்பு, பரிகாரம் ஆகிய நான்கும் விடையாக வரும். கருவியை ஆக்க எமக்கு ஒரு திங்கள் சென்றது. அதனுள் வைக்கும் குறிப்புக்களை எழுத ஓராண்டு சென்றது.

நிற்க. தமிழ் எழுத்துக்கள் கணிப்பொறியுள் எண்களாகவே உறைகின்றன. யூனிகோடு முறையில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறி 3018 என்னும் ஓரெண்ணாலும் அமையும். 3014, 3006 என்னும் ஈரெண்களாலும் அமையும். கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு வேறு. இவ்விரண்டனையும் ஒருவடிவாக்கும் முறையை இயல்பாக்கம் என்பர். ‘ஸ்ரீ’ என்பதன் செய்தியோ வேறு. முன்னர் அஃது 3000 என்னும் எண்ணுடைய ஸகரத்தைக் கொண்டே எழுதப்பட்டது. 2005-ல் 2998 என்னும் எண்ணோடு ஶகரம் சேர்க்கப்பட்டபின், அதனைக்கொண்டும் எழுதலாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் வேறுபாடின்றித் தோன்றும்; இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்குவதில்லை.

இதனை யாம் அறியாதவரல்லேம். ஆயினும் எம் ஏட்டில், “தமிழ்ப் பெயர்கள் பொருந்தாவிடின் இயல்பாக்கம் செய்க, பின்னும் பொருந்தாதவை வெவ்வேறு பெயர்களே” எனச் சுருங்க எழுதிவிட்டோம். சுருக்கமே அழகென எண்ணி மகிழ்ந்தோம்.

ஒரு கல்விநிலையத்தில் உதவித்தொகைக்கு உரியாரை வரிசைப்படுத்தும் பணி ஒரு முகவர்க்கு வாய்த்தது. விண்ணப்பப் பட்டியும் மதிப்பெண் பட்டியும் வெவ்வேறு விசைப்பலகைகளால் எழுதப்பட்டவை. முகவர் எம் ஏட்டை வினவிற்று. கூறியவாறே இயல்பாக்கம் செய்தது. ‘ஸ்ரீ’ எனத் தொடங்கும் பெயருடைய மாணவி ஒருத்தியை, மதிப்பெண் பட்டியில் இல்லாதவள் என நீக்கிற்று. வழுவேட்டின்படி செய்யப்பட்டது என்று அறிக்கையும் தந்தது. செய்தி கேட்டு யாம் சென்றபோது, அம்மாணவி தாயோடு வந்திருந்தாள். இரு தாள்களையும் மேசைமேல் வைத்து, “இரண்டிலும் என் பெயர் இருக்கிறதே, ஐயா” என்றாள். இருந்தது, கண்ணுக்கு ஓரெழுத்தும் பிசகாமல் இருந்தது. பெயரை மீளச் சேர்க்க ஒரு நாழிகையும் ஆகவில்லை. ஆனால், கட்டணத் தவணை தப்பலாகாதென்று அத்தாய் தம் தோட்டை அடகு வைத்து ஒரு திங்கள் கழிந்திருந்தது. அதன் வட்டியையேனும் யாம் தருவோம் என்றோம். அவர் வாங்கவில்லை.

எம்முள் ஒருவருடைய இல்லத்தில் தொண்ணூறு அகவை நிரம்பிய ஐயா ஒருவர் உளர். இளமையிற் பினாங்குக் கிட்டங்கியிற் பெட்டியடிப் பையனாகப் புகுந்து கணக்குத் தொழிலில் உயர்ந்தவர். முகப்புத் திண்ணையில் அமர்ந்து எம் துயரத்தைக் கேட்டவர், சற்றுநேரம் கழித்துச் சொன்னார்: “தம்பி, அந்தக் காலத்தில் ஏஜெண்டுக்கு மூன்று வருஷத் தவணை. முன்னே இருந்தவர் கப்பலேறிவிட்டால் புதிதாக வந்தவருக்குப் பேரேடுதான் கண். இன்னாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று மட்டும் எழுதிவைத்தால் போதுமா? எவ்வளவு மட்டும், எதன்பேரில், எப்போது கொடுக்கக்கூடாது என்று எழுத வேண்டாமா? அவராவது மூன்று வருஷத்தில் ஆளைப் பார்த்துப் பழகிக்கொள்வார். உங்கள் ஏஜெண்டுக்குத் தினமும் முதல் நாள்தானே?”

யாம் ஓராண்டாய் உணராததை அவ்வொரு வினா உணர்த்திற்று. யாம் பரிகாரத்தை எழுதினோம். அதன் எல்லையை எழுதினோமல்லேம். எல்லை கூறாத குறிப்பு, குறிப்பின்மையினுந் தீயது. ஏடு வாய்மூடியிருந்தால் முகவர் மனிதர் ஒருவரைக் கேட்டிருத்தல் கூடும். யாம் துணிந்து கூறியதால் அதுவும் துணிந்தது.

அன்றிரவு தொடங்கி ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகளைச் சேர்க்கலானோம்: ‘எங்குப் பொருந்தாது’, ‘எங்கு நின்று மனிதரைக் கேட்க வேண்டும்’ என்பன. நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களைக் காட்டியதோடு, காரணம் பற்றி ஏற்கப்படும் வழுவமைதியையும் வகுத்தார். அவ்வழியே எம் ஏட்டிலும் வழுவமைதி என ஒரு பிரிவு கண்டோம். ‘ஸ்ரீ’ அங்கே இடம்பெற்றது. பழைய ஆவணங்கள் கெடாதிருத்தற்பொருட்டு, இயல்பாக்க முறையை மாற்றுவதில்லை என்று யூனிகோடு அமைப்பினர் உறுதி பூண்டுள்ளனர். ஆதலின் அது திருத்தப்படுவதன்று, அறிந்து ஒழுகப்படுவது. “இருவடிவத்தையும் ஒப்பிடுக, பெயரொன்றைக் கொண்டே எவரையும் நீக்கற்க, பதிவெண்ணோடு பொருத்துக, ஐயுறின் அலுவலரைக் கேட்க” என்பது இன்று அங்குள்ள வாசகம். முன்னைய வாசகத்தையும் அழித்திலேம். அதனால் விளைந்ததைப் பெயர் சுட்டாது உடனெழுதி, அதன்கீழ் வைத்துள்ளோம்.

மாணவ அன்பர்காள்! நீவிர் எத்தொழிலை மேற்கொள்ளினும், பிறர் படித்து நடத்தற்குரிய குறிப்பு ஒன்றை எழுதும் நாள் வந்தே தீரும். அதைப் படிப்பவர் நும்மை வினவ இயலாதவராயிருத்தலுங் கூடும். அவர் செய்கையால் நலமோ தீங்கோ எய்துபவர் நும் பெயரையே அறியாதவராயிருப்பர். எழுதி முடித்தபின் ஒருமுறை அவரை நினைந்து படித்துப் பார்மின். யாம் அதனைச் செய்திருந்தால், அந்தத் தோடு அத்தாயின் காதிலேயே இருந்திருக்கும்.