நாசிக்கில் ஒரு மிடறு

நறவு, தேறல், பிழி, மட்டு, தோப்பி என்று கள்ளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பில் மெல்லிய சிரிப்பு எழும். தோப்பி நெல்லிலிருந்து வடித்தது என்று உரைகாரர்கள் சொல்வதைக் கேட்டதும், நெல் விளையும் ஊர்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள். புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊட்ட மகிழ்ந்திருக்குமாறு பாண்டியனை நக்கீரர் வாழ்த்துகிறார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தெடுத்த மத்தியதரைக்கடல் சாடிகளின் உடைசல்களையும் சேர்த்துச் சொன்னால் பாடம் களைகட்டிவிடும். பாடம் நடத்துபவன் ஒரு சொட்டும் நாவில் வைத்ததில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

நாங்கள் சகோதரர் இருவர். மூத்தவனுக்கு மன்னார்குடியில் கல்லூரி வேலை, இளையவனுக்குப் புனேயில். இருவரும் குடிப்பதில்லை. அதற்குக் கொள்கை ஏதும் காரணமில்லை, அப்பாதான் காரணம். ஒன்றரை வேலியாக இருந்த நிலம் அவர் காலத்தில் மா மாவாகக் கைமாறியது. 1996இல் அவர் இறந்தபோது நான்கு மா மிஞ்சியிருந்தது.

சென்ற பொங்கல் விடுமுறையில் அம்மாவைப் புனேக்கு அழைத்துச் சென்றிருந்தோம். திரியம்பகேசுவரம் போய்வருகிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, விடியுமுன் வாடகைக் காரில் நாசிக்கிற்குப் புறப்பட்டோம். கோயிலுக்கும் போனோம், பொய்யில்லை. கோதாவரி பிறக்கும் மலையடிவாரம் அது. நம் காவிரியைச் சொல்வதுபோலவே அதையும் தட்சிண கங்கை என்கிறார்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பிற்பகலில் கங்காபூர் அணைக்கருகே சுலா திராட்சைத் தோட்டம். 1990களின் பிற்பகுதியில், அமெரிக்க வேலையை விட்டுவிட்டு வந்த ராஜீவ் சாமந்த் தொடங்கியது. எங்கள் கண்கள் முதலில் கொடிகளைத்தான் பார்த்தன. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மற்றொன்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. குறுவை, சம்பா என்று கணக்குப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடுகிறது. தின்னும் திராட்சையைப் போலன்றி, ஒயின் திராட்சை சிறியது, தோல் தடித்தது, விதையுள்ளது. கறுப்புத் திராட்சையாயினும் சாறு பெரும்பாலும் நிறமற்றே இருக்குமாம். தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்கவிடுவதால்தான் சிவப்பும் துவர்ப்பும் ஏறுகின்றன. தோலை முன்பே நீக்கிவிட்டால் அது வெள்ளை ஒயின்.

சுவைக் கூடத்தில் வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்கு வந்தார்கள். கிண்ணத்தின் அடியில் இரண்டு விரற்கடை அளவுதான். சுழற்ற வேண்டும், முகர வேண்டும், பிறகே ஒரு மிடறு. வேண்டாமென்றால் உமிழ்ந்துவிடப் பாத்திரமும் வைத்திருந்தார்கள். குடிக்கும் பொருளை உமிழ்வதா! அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பாரா, அழுதிருப்பாரா?

ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் வந்தது. 'என்ன மணம் தெரிகிறது?' என்று ஊற்றியவர் கேட்டார். அருகில் நின்றவர்கள் மிளகு, நாவற்பழம் என்றெல்லாம் சொன்னார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் அந்தக் காரியத்தை அம்மாதான் செய்வாள். இருட்டிய பின் வாசற்படியில் நின்று, அப்பா உள்ளே நுழையும்போது ஒரு மூச்சு இழுப்பாள். அன்றிரவு எப்படிக் கழியும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பாயில் படுத்திருந்த நாங்கள் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

இளையவன் முதலில் குடித்தான். கடுக்காய் மென்றதுபோல் நாக்கு இழுத்துப் பிடித்தது. பின்னால் மெல்லிய காரம். நன்றாகவே இருந்தது. அதுதான் எங்களைச் சங்கடப்படுத்தியது. பிராந்தியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சாராயச் சத்து, இதில் பன்னிரண்டோ பதின்மூன்றோ என்று இளையவன் விளக்கம் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டான். இரண்டாவது சிவப்பை நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியே சாலையோரத்தில் விதையில்லாப் பச்சைத் திராட்சை இரண்டு கிலோ வாங்கினோம்.

புனே சேர இரவு பத்தாகிவிட்டது. கதவைத் திறந்த அம்மா வழிவிடாமல் சற்று நின்றாள். திராட்சைப் பையை வாங்கிக்கொண்டாள். "கைகால் கழுவிட்டு வாங்கப்பா, சோறு போடுறேன்" என்றாள்.

அப்பாவிடமும் அதையேதான் சொல்வாள்.