வந்த முத்திரை

லாத்தாவின் கைப்பை ஏர்வாடி தர்கா வாசலில் காணாமல் போனது. வெள்ளிக்கிழமை. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில்.

பையில் இருந்தவை: பிரிட்டிஷ் பாஸ்போர்ட், தஸ்பீஹ் மணி, சந்தனப் பொட்டலம், பேத்திக்கு வாங்கிய கண்ணாடி வளையல்.

முதலில் கேட்டது வளையலை.

அப்புறம்: "மத்த பாஸ்போர்ட் கொழும்புல அலுமாரியில ஈக்கிது தானே தம்பி?"

இருக்கிறது. இலங்கைப் பாஸ்போர்ட். ஆனால் இந்திய விசா எடுத்தது தொலைந்ததன் பெயரில். வந்திறங்கிய முத்திரையும் அதில்தான். எந்த நாட்டு ஆளாக உள்ளே வந்தாரோ, அந்த நாட்டு ஆளாகவே வெளியே போக வேண்டும்.

ஒன்றில் மச்சான் பெயர் ஒட்டியிருக்கும். மற்றதில் வாப்பா பெயர். போலீஸ் ஸ்டேஷனில் பெயர் கேட்டபோது லாத்தா என்னைப் பார்த்தார்.

தொலைந்ததில் இருந்த பெயரை எழுதிக் கொடுத்தோம்.

செய்ய வேண்டியவை, வரிசையாக: போலீஸ் அறிக்கை. சென்னையில் பிரிட்டிஷ் துணைத் தூதரகம், அவசரப் பயண ஆவணம். போகிற நாடும் காலாவதித் தேதியும் அதிலேயே அச்சாகி வரும். பயணம் மாறினால் ஆவணமும் மாற வேண்டும். பிறகு வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி. அதற்கு ஆன்லைனில் விண்ணப்பம்.

ஏர்வாடியிலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது. அங்கே நின்றால் போனுக்கு இலங்கை சிக்னல் வந்துவிடும்.

தர்கா மரத்தடியில் ஒரு அம்மா. காலில் பழைய காப்புத் தழும்பு. எந்த ஊரும்மா என்று கேட்டால் ஒரு நாள் தென்காசி. ஒரு நாள் கண்டி. நேற்று லாத்தாவிடம் "உங்க ஊருதான்" என்றார்.

லாத்தா எந்த ஊர் என்று திருப்பிக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இங்கே அடங்கியிருக்கும் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது பாதுஷா நாயகம் மதீனாவிலிருந்து வந்தவர் என்பது மரபு.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அரசியல் சாசனம், 9ஆம் பிரிவு. ஓ.சி.ஐ. அட்டை கொடுப்பார்கள். அதில் ஓட்டு இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் இல்லை.

இலங்கையில் இரட்டைக் குடியுரிமைக்கு 1987-ல் சட்டம் வந்தது. விண்ணப்பித்து, கட்டணம் கட்டி வாங்கலாம்.

அதே நாட்டில் 1948 குடியுரிமைச் சட்டம். மலையகத்தில் தேயிலை பறித்தவர்களுக்கு ஒரு நாடும் இல்லாமல் போனது.

1964 அக்டோபர் 30, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர். இங்கே 5,25,000. அங்கே 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதி: 75,000, 75,000.

மீதி. மனிதர்களைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் வயிறு எரிகிறது.

அதே 1964, டிசம்பர் 22 இரவு. புயல். தனுஷ்கோடி போயிற்று. ரயிலடி, துறைமுகம், எல்லாம். பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து.

அதற்கும் முந்தைய காலத்தில் தோட்டத்துக்குப் போன கூலியாளுக்கு ஒரு தகர டிக்கெட். தோட்டத்தின் எழுத்து, ஆளின் எண். கழுத்தில் கட்டிக்கொள்ள.

தகரம் தண்ணீரில் நனைந்தாலும் படிக்கலாம்.

மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். வழக்கு மதுரை வந்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பிறப்பால் குடிமகள். பாஸ்போர்ட் கொடுங்கள் என்றது உயர் நீதிமன்றக் கிளை. 2022-ல்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடி. மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம். கீற்றுக் கொட்டகையில் தீ. 28 பேர். சங்கிலியில் இருந்தார்கள்.

லாத்தாவுக்கு முதலில் இதைச் சொல்லவில்லை. மரத்தடி அம்மாவின் கால் தழும்பைப் பற்றி அவரே கேட்டார். சொன்னேன்.

போட்டோ எடுக்க ஸ்டூடியோ. வெள்ளைப் பின்னணி. முகத்தில் சிரிப்பு இருக்கக் கூடாதாம். லாத்தா மூன்று நாளாகச் சிரிக்கவில்லை.

ராமநாதபுரம் ஸ்டேஷன். சென்னை வண்டியை இங்கே எல்லாரும் இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். 1914-ல் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில், கொழும்பு. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்.

"எங்கட வாப்பா இதுலதான் வந்து போனது" என்றார் லாத்தா.

லாத்தாவின் வாப்பா, எனக்குப் பெரியவாப்பா, கீழக்கரை ஆள். கொழும்பில் கடை. 1949-ல் இலங்கை குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் இருபது வருஷம் போய் வந்தவர்.

"அவருக்குப் பாஸ்போர்ட் இருந்துச்சா லாத்தா?"

"நான் காணல்ல. ஒரு தோல் பை ஈந்திச்சி. அதுக்குள்ள கருவாடு வாசம்."

வண்டி வந்தது. லாத்தா மடியில் பிளாஸ்டிக் உறை: போலீஸ் தாள், விசா நகல், நாலு போட்டோ. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

மணிக்கட்டில் கண்ணாடி வளையல். மரத்தடி அம்மா கொடுத்ததாம்.

எங்கிருந்து எடுத்ததென்று கேட்கவில்லையாம்.